கவுன்சிலர் வீட்டம்மாவும் கிரேக்கத்து மதாமும்

கிரேக்க நாட்டில் எம்.பி.யாகவும் துணை அமைச்சராகவும் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணிக்கு, போன வருஷம் புதுச்சேரியில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அதிலிருந்து என் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. நானும் அவனோடு பேசுவதில்லை. உழவர்கரையில் அப்பா கட்டிய வீடு; அவன் மாடியில், நான் கீழே. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறோம். ஒரு வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

நான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். எங்கள் அப்பா மில் தொழிலாளி. வீட்டில் மற்றவர்களுக்கு நன்றி சொல்லும் 'மெர்சி'க்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நான் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டேன், அது என்னைப் பிடித்துக்கொண்டது. பிரான்சில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள்தான் என் மாணவிகள். கடற்கரைப் பக்கத்து விடுதிகளில் ஆங்கிலம் சரியாக வராத வெளிநாட்டுக்காரர்கள் தங்கினால் எனக்குப் போன் வரும். அப்படி ஒரு போனில்தான் இந்த மதாம் எனக்குக் கிடைத்தார்.

எழுபது தாண்டியவர். ஒல்லி. வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பாதத்தை முழுதாக ஊன்றாமல் ஓரத்தை மட்டும் ஊன்றி, கைத்தடியோடு நடப்பார். இளம் வயதில் பாரீசில் படித்தபோது அவருடைய அறைத் தோழி ஒரு புதுச்சேரிப் பெண். அந்தத் தோழி இறந்துவிட்டார். அவர் வாய் ஓயாமல் சொன்ன ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அப்படியே முட்டிவலிக்கு எண்ணெய் வைத்தியமும் செய்துகொள்ள வேண்டும் என்று வந்திருந்தார். வைத்தியரிடம் அழைத்துப்போவதும், அவர் கேட்பதைச் சொல்வதும், கடைக்குக் கூட்டிப்போவதும் என் வேலை.

முதல் வாரத்தில் அவர் என்னவாக இருந்தார் என்றே எனக்குத் தெரியாது. எண்ணெய் தேய்க்கும் பெண், உள்ளங்காலில் இருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, சூடு பட்டதா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். மதாம் சிரித்தார்.

"என் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். துண்டுப் பிரசுரம் வைத்திருந்தேன் என்று பிடித்துப்போய் உள்ளங்காலில் அடித்தார்கள். முகத்தில் அடித்தால் வெளியில் தெரியும் அல்லவா?"

அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தக் காலை வேறு விதமாகத் தொட்டாள்.

அன்றிலிருந்து மதாம் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். விடுதித் தாழ்வாரத்தில், வைத்தியம் முடிந்த களைப்போடு, காப்பி குடித்தபடி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மில் ஊரில் பிறந்தவர். அம்மா நூற்பாலையில் வேலை. அப்பா அச்சுக் கோப்பவர்; தப்பான கட்சிக்கு அச்சுக் கோத்ததற்காக ஏதோ ஒரு தீவில் கொண்டுபோய் அடைத்து வைத்திருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்த புதிதில், அவருடைய அம்மா கோயிலுக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தச் சாமியிடம் வேண்டுதல் என்று கேட்டார்களாம்.

ராணுவ ஆட்சியில் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நண்பர்கள் பாரீசுக்குத் தப்ப வைத்தார்கள். ஆட்சி கவிழ்ந்ததும் திரும்பினார். வக்கீல் ஆனார், கல்யாணம் செய்துகொண்டார், சொந்த ஊரில் நகராட்சித் தலைவருக்கு நின்றார்.

"காப்பிக் கடைகளில் ஆண்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுக் கேட்டுக் கையை நீட்டினால் சீட்டுக்கட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். இந்நேரத்துக்கு உன் பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டார்."

"என்ன சொன்னீர்கள்?"

"என் கணவர் என்றேன். அந்த ஒரு பதிலுக்காகவே தோற்றேன்."

அடுத்த முறை ஜெயித்தார். பிறகு எம்.பி. பிறகு துணை அமைச்சர். கப்பல் துறை கேட்டார். துறைமுகத்தில் வளர்ந்தவர், வழக்குகளெல்லாம் அதில்தான் நடத்தியவர். குழந்தைகள் நலத்தைக் கொடுத்தார்கள். கப்பல் துறைக்கு வந்தவர் வயலும் தோட்டமும் உள்ள ஊர்க்காரர் என்று சொல்லி, இத்தனை வருஷம் கழித்தும் கைத்தடியைத் தரையில் தட்டினார்.

நான் அவர்மீது கிட்டத்தட்ட பக்தியே வைத்துவிட்டேன். அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

ஒருநாள் அவருடைய பதவி எப்படி முடிந்தது என்று கேட்டேன். நாடு கடனில் மூழ்கிய வருஷங்கள் என்றார். கடன் கொடுத்தவர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். ஓய்வூதியம் வெட்டப்பட்டது. அரசு அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் பெண்களை வேலையிலிருந்து நிறுத்தும் சட்டம் வந்தது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

"என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆம் என்றேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதற்கு ஆம்?"

"அந்தப் பெண்களை அனுப்புவதற்கு."

எங்கள் அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். மூடிய பிறகும் அவர் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போய் மில் கேட்டுக்கு எதிரே நிற்பார். அவரைப் போலவே நிறையப் பேர். கேட்டுக்கு உள்ளே யாரோ ஆம் சொல்லியிருந்தார்கள். அந்த யாரோ எப்படி இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. வெள்ளை வேட்டியும் தங்க மோதிரமுமாக ஒரு ஆள். எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பிக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தவர் அப்படி இல்லை.

"உங்கள் அம்மா மில்லில் வேலை செய்தவர் என்றீர்களே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஆமாம். அதனால்தான் அந்தப் பெண்களிடம் பேச என்னை அனுப்பினார்கள். மில்காரி மகள் சொன்னால் கேட்பார்கள் என்று. முடிவெடுத்த அறையில் நான் இல்லை. வேலை போன அந்தப் பெண்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் மட்டும்தான் இருந்தேன். கட்சியில் வேறு யார் வீட்டு வாசலிலும் யாரும் நிற்கவில்லை."

"அறையில் இல்லாவிட்டால் என்ன? வாய் உங்களுடையதுதானே?"

"என்னுடையதுதான்" என்றார். "அடுத்த தேர்தலில் என் அம்மா குடியிருந்த தெருவே எனக்கு ஓட்டுப் போடவில்லை. சரியாகத்தான் செய்தார்கள்."

நான் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். அன்று மாலை வகுப்பில் ஒரு பாவமும் அறியாத பெண்ணை வினைச்சொல் தப்பாகச் சொன்னதற்கு அழ வைத்தேன்.

இந்த இடத்தில் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் என்பது எப்போதோ ஒருமுறை நடக்கிற அதிசயம். அது ஒருமுறை நடந்தபோது எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். அதுவரை அந்த இடத்துக்காக அலைந்துகொண்டிருந்த அண்ணன், ஒரே சாயங்காலத்தில் அண்ணியை வேட்பாளர் ஆக்கினான். போஸ்டரில் அண்ணன் படம் பெரிசு, அண்ணி படம் சின்னது. அண்ணி ஜெயித்தார். நகராட்சிக் கூட்டங்களுக்கு அண்ணன் போனான். ஒரே ஒருமுறை, எங்கள் தெருக்களுக்குப் பின்னால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் ஏறும் சாக்கடை வாய்க்காலைப் பற்றிப் பேச அண்ணியே கூட்டத்துக்குப் போனார். எழுந்து பேசினார். வேலையும் தொடங்கியது. கூட்டத்தில் பேசிவிட்டு வந்த அன்று இரவு அண்ணன், "என்ன அசிங்கப்படுத்திட்ட" என்று ஆரம்பித்து விடிய விடியத் திட்டினான். மறு கூட்டத்துக்கு அண்ணி போகவில்லை. வாய்க்கால் பாதியில் நின்றது. பதவிக் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை.

ஆனால் இன்றைக்கும் அண்ணனுடைய பைக்கில் 'கவுன்சிலர்' என்று எழுதியிருக்கிறது. டீக்கடையில் அவனைக் 'கவுன்சிலரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணி காய்கறி வாங்கப் போனால், "கவுன்சிலர் வீட்டம்மா வந்துட்டாங்க" என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

நான் ஒரு வெளிநாட்டு முன்னாள் அமைச்சருக்கு வேலை பார்ப்பது அண்ணனுக்குத் தெரிந்ததும், அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வரச் சொன்னான். எனக்கு அவர்மீது கோபம் ஆறியிருக்கவில்லை. ஆனால் மறுநாள் அவரே போன் செய்து, "நீ வராவிட்டால் உன் கோபம் நியாயம் என்று எடுத்துக்கொள்வேன். வந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்" என்றார். போனேன். அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். அண்ணி வஞ்சிரம் வறுத்து, இறால் தொக்கு வைத்திருந்தார். மதாம் கையால் பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்து அண்ணிக்கு வெட்கம் விட்டுப்போயிற்று.

"அவங்க கூட்டத்துக்குலாம் அவங்களே போவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சொன்னதும் மதாம், "நீங்கள் என்ன செய்தீர்கள், உங்கள் பதவியில்?" என்று அண்ணியைத் திருப்பிக் கேட்டார்.

"வாய்க்கால் கட்னோம், தெரு லைட்டு போட்டோம், எல்லாருக்கும் ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்தோம்" என்றான் அண்ணன்.

நான் மொழிபெயர்த்தேன். மதாம் அண்ணனை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நான் அவரைக் கேட்டேன்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணி சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. தன் கட்சியின் மகளிர் தின விழா வருகிறது, மதாமை மேடையில் ஏற்றினால் தலைவர் கண்ணில் படலாம் என்ற கணக்கில் அவன் இருந்தான்.

மகளிர் தின விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசல் பேனரில் இருபது ஆண்களின் முகம். ஒரே ஒரு பெண் முகம், அது தலைவருடைய காலமான அம்மா. வேனில் ஏற்றி வந்த பெண்கள் ஒரே நிறப் புடவையில், மதியத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடை நாற்காலிகளில் ஆண்கள். 'முன்னாள் கவுன்சிலர்' என்று சீட்டு ஒட்டியிருந்த நாற்காலியில் அண்ணன். அண்ணி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்கள்மீது தெளித்துக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பின்னால் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தான். "ரெண்டு வார்த்தைதான். இந்தியா புடிச்சிருக்கு, பாண்டிச்சேரி புடிச்சிருக்கு, தலைவருக்கு வாழ்த்து. அவங்க இன்னா சொன்னாலும் நீ இத்த சொல்லிடு. இங்க யாருக்கு பிரெஞ்சு தெரியப்போவுது?"

"அவங்க சொல்றதத்தான் சொல்லுவேன்."

"சொல்லிப் பாரு" என்றான்.

மதாம் இந்தியா பிடித்திருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். நான் சொன்னேன், மேடை கைதட்டியது. பிறகு தன் அம்மா கோயில் உடுப்பில் ஓட்டுப் போடப் போனதைச் சொன்னார். கீழே பெண்கள் சிரித்தார்கள். பிறகு தன் கட்சியைப் பற்றிச் சொன்னார். "கூட்டம் சேர்க்க என்னை முன்னால் நிறுத்தினார்கள். முடிவெடுக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டார்கள். பழி வந்தபோது மறுபடி முன்னால் நிறுத்தினார்கள். என்னைப் போன்ற ஏழைப் பெண்களின் வேலையைப் பறிக்கிற சட்டத்துக்கு நான் என் வாயால் ஆம் சொன்னேன். நல்ல பெயர் கிடைக்கும் என்று சொன்னார்கள்; சொன்னேன். அதற்காக நான் என்னை மன்னிக்கவில்லை."

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். மேடையில் யாரோ இருமினார்கள். அண்ணன் பக்கவாட்டிலிருந்து கையால் வெட்டிக் காட்டினான். மைக்செட்காரர் சத்தத்தைக் குறைத்தார். எனக்கு வகுப்பு எடுத்துப் பழகிய தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

மதாம் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வார்டில் தேர்தலில் ஜெயித்த பெண் ஒருவர் எனக்குச் சோறு போட்டார். அவருடைய நாற்காலி எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஒரு நொடி நான் நின்றேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் அந்த நாற்காலியில் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டு, கால்மேல் கால் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

கைதட்டல் எதுவும் இல்லை. நடு வரிசையிலிருந்து ஒரு பெண், "கவுன்சிலரம்மா பின்னால கீறாங்க" என்றாள், உதவி செய்கிற குரலில். எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி செம்பைக் கீழே வைத்தார். கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் வெளியே வெடி வெடித்தது. தலைவர் வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் சால்வைகளும் புகைப்படங்களுமாக மண்டபம் பழையபடி ஆகிவிட்டது.

வீட்டில் அண்ணன் படியிலிருந்து கத்தினான். "உன்ன யாரு அதெல்லாம் சொல்லச் சொன்னது?"

"அவங்க சொன்னாங்க, நான் சொன்னேன். அதான் என் வேலை."

"நாளைக்கு என் மூஞ்சில எவன் முழிப்பான்? கீழ் வீட்ட காலி பண்ணு."

"இது அப்பா வீடு. உன் பேருக்கு இன்னும் ஆவல."

அன்று முதல் பேச்சு நின்றது. என்னை விட அண்ணியைத்தான் அவன் அதிகம் தண்டித்தான். எத்தனையோ நாள் அவன் வீட்டில் சாப்பிடாமல், அண்ணி சமைத்து வைத்ததை மூடிகூடத் திறக்காமல், வேண்டுமென்றே பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். அடித்திருந்தால் போலீசுக்குப் போயிருப்பேன். இதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் எடுப்பார்கள்?

விழாவுக்கு மறுநாள் காலை நான் விடுதிக்குப் போனேன். மதாம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களிடம் டிக்கெட் இருக்கிறது, மதாம்" என்றேன். "சென்னைக்குப் போய் விமானத்தில் ஏறிவிடுவீர்கள். என் அண்ணி அதே அடுப்படிக்குத்தான் போக வேண்டும். பழியை ஏற்க என்னை முன்னால் நிறுத்தினார்களே என்று நேற்று அழாத குறையாகச் சொன்னீர்கள். நீங்களும் அவரை அப்படித்தான் முன்னால் நிறுத்திவிட்டீர்கள்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "அவர் முன்னால் இதைச் சொல்ல வேண்டும். என்னைக் கூட்டிப் போ."

அண்ணன் இல்லாத நேரம் பார்த்து ஆட்டோவில் அழைத்து வந்தேன். அண்ணி கீழே என் அறைக்கு இறங்கி வந்தார். மதாம் மன்னிப்புக் கேட்டார். அண்ணி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அவங்க மேடையில கேட்டது தப்பில்ல. என்ன ஒரு வார்த்த கேக்காம கேட்டாங்களே, அது தப்பு. ரெண்டையும் சேத்து சொல்லு."

இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். மதாம் தலையை ஆட்டினார். "இப்போது கேட்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும்?"

"எனக்கு மறுபடி கூட்டத்துக்குப் போவணும்" என்றார் அண்ணி. அத்தனை வருஷமாக அதே வீட்டில் இருந்த நான் அதை ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை. மதாம் மேல் பாய்ந்த என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

மதாம் ஊருக்குப் போய்விட்டார். அவ்வப்போது குரல் செய்தி அனுப்புகிறார். தன் அம்மா தெருவிலேயே வாடகைக்கு வீடு எடுத்திருப்பதாகவும், பக்கத்து வீட்டுக்காரி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னார். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. மன்னிக்க நான் யார் என்றும் தெரியவில்லை. ஆனால் தான் செய்ததைத் தன் வாயால் மேடையில் சொன்ன ஒரு அரசியல்வாதியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் வார்டு மறுபடி பெண்களுக்குத்தான் என்றார்கள். அண்ணன் உடனே அண்ணியோடு சமாதானமாகி, வீட்டில் சாப்பிடவும் ஆரம்பித்தான். எனக்கு மாடிப் பேச்சு கீழே கேட்கும்.

"நிக்கறேன்" என்றார் அண்ணி. "ஆனா கூட்டத்துக்கு நான்தான் போவேன். நீங்க வீட்ல இருங்க."

"பைத்தியமா உனக்கு? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க நீட்டற எடத்துலலாம் கையெழுத்து போட மாட்டேன்."

கதவு அறையும் சத்தம் கேட்டது. கட்சிக்காரர்கள் வேறொருவன் மனைவியைப் பிடித்தார்கள். சுவரெங்கும் அந்தக் கணவனுடைய பெயரை எழுதி, அடியில் சின்னதாக அவள் பெயரையும் எழுதிவிட்டுப் போனார்கள். தேர்தல் பேச்சு வழக்கம்போல அடங்கிவிட்டது. சுவரெழுத்து அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள்.

அண்ணி சுயேச்சையாக நிற்பதென்று முடிவு செய்துவிட்டார். தேர்தல் எந்த வருஷம் வருமோ, யாருக்கும் தெரியாது. சாயங்காலங்களில் என் வகுப்பு முடிந்ததும் நாங்கள் இருவரும் தெருத்தெருவாகப் போகிறோம். கதவைத் திறப்பவர்கள் முதலில் எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள், ஆம்பிளை யாராவது வருகிறார்களா என்று. அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அண்ணி காத்திருக்கிறார். பிறகு, "நான்தான் வந்திருக்கேன், என்கிட்டயே சொல்லுங்க" என்று பேசத் தொடங்குகிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.